குதிருக்குள் இருந்தவரும் கப்பலேறியவரும்

“கேய் வீட்டுல சிப்பாயா? சோத்துப்பானையைத் தாண்டி நீங்க எங்கே போனீங்க?” என்றான் எழுத்தர் மஜோர் ஸெக்.

எங்கள் ஊர் வழக்கப்படி கேய் குலத்தாரும் ஸெக் குலத்தாரும் பார்த்த இடத்தில் கேலி பேசியே ஆகவேண்டும், கண்ணுங்களா. கோபித்துக்கொண்டால்தான் குற்றம்.

“டக்கார்ல கப்பலேறி, பிரெஞ்சுக்காரனுக்காகப் போர்ல செத்தவருய்யா எங்க தாத்தா பிராம். பள்ளிக்கூடச் சுவத்துல போருக்குப் போனவங்க பேரைப் பொறிக்கிறீங்களாமே, எழுது” என்றாள் மரேம் கேய்.

பட்டியல் அன்றோடு முடிகிறது. தாத்தாவுக்கோ கல்லறைகூடக் கிடையாது. அந்தச் சுவரை விட்டால் அவர் பெயருக்கு வேறு இடமில்லை.

மஜோர் பதிவேட்டைப் புரட்டினான். “பிராம் கேய்னு ஒருத்தருமில்ல.”

“படையில அவருக்குக் கொடுத்த எண் இந்தச் சீட்டுல இருக்கு, பாரு.”

அந்த எண்ணைப் பதிவேட்டில் பார்த்தவன் எழுந்தே நின்றுவிட்டான். “ஸாம்பா ஸெக்! எங்க தாத்தா! தொண்ணூறு வயசு வரைக்கும் எங்களோட இருந்தாரு, போருக்குப் போனதா ஒரு வார்த்தை சொல்லலியே! என்ன அடக்கமான மனுஷன்!”

மரேம் வீட்டுக்கு ஓடி, சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்தாள். “இந்த மூக்கு யார் மூக்கு? என் மூக்கு!”

மஜோர் படத்தைப் பிரித்துப் பின்பக்கம் படித்தான். ‘ஸாம்பா ஸெக்.’

“எங்க தாத்தா படத்தையும் திருடிட்டீங்களா?”

மரேமுக்குப் படிக்கத் தெரியாது. கடைசி நம்பிக்கையாக, தோலில் வைத்துத் தைத்துத் தாயத்தாகக் கட்டியிருந்த தாத்தாவின் கடிதத்தைத் தையல் பிரித்து எடுத்துக் கொடுத்தாள்.

“‘கண்ணே, வயித்துல இருக்கிற நம்ம பிள்ளை பத்திரம். இப்படிக்கு, ஸாம்பா ஸெக்.’” மஜோர் தலையில் கைவைத்தான். “அடிப்பாவி! அப்ப நீ எனக்குத் தங்கச்சியா?”

கூடியிருந்த கூட்டம் ஓவென்று சிரித்தது. தாத்தா பெயரை எழுதவந்த இடத்தில் பாட்டி மானமும் போயிற்றே என்று மரேம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மஜோருக்குத் தலைகால் புரியவில்லை. வம்சம் பாடும் சீராக் கிழவிக்கு ஆளனுப்பினான். “பாடும்மா! போருக்குப் போன ஸெக் வம்சத்தைப் பாடு!”

சீரா படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு மரேமின் தலையில் கைவைத்தாள்.

“ஆள் மாறினது தெரிஞ்சா ஊரையே உள்ளே தள்ளியிருப்பான் வெள்ளைக்காரன். அதான் உங்க பாட்டியும் எங்கம்மாவும் வாயைத் திறக்கல. இனி என்ன பயம்? எழுதிக்கோ தம்பி: படைக்கு ஆள் எடுக்கப் பேர் வாசிச்சப்ப உங்க தாத்தா எங்க வீட்டுக் கம்புக் குதிருக்குள்ள ஒளிஞ்சிருந்தாரு, ‘நான்தான் ஸாம்பா ஸெக்’னு சிரிச்சுக்கிட்டே லாரி ஏறினது கேய் வீட்டுப் பிராம்.”