உண்ணி இல்லாதவர்களுக்கு மட்டும்

ஒரு காட்டில், விளம்பரப் பலகைகள் முளைப்பதற்குச் சற்று முன்பு, வெள்ளச்சி என்றொரு உண்ணிக்கொக்கு இருந்தது. காட்டெருமைகளின் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கித் தின்பது அதன் தொழில். எருமைக்கு அரிப்பு நின்றது, கொக்குக்கு வயிறு நிறைந்தது. இப்படி இரண்டு பக்கமும் திருப்தியாக நடக்கும் தொழிலை யாராவது வந்து சரிசெய்யாமல் விட்டதுண்டா?

வந்தது ஒரு மரநாய். பட்டணத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியின் கூரைக்குள் மூன்று வருடம் குடியிருந்து, கீழே நடந்த மீட்டிங்குகளை ஓட்டை வழியாகக் கேட்டே படித்துத் தேறிய மரநாய்.

"இவ்வளவு வெள்ளையா இருந்துக்கிட்டு சேத்து எருமை மேல நிக்கறீங்களே மேடம், உங்க இமேஜ் என்ன ஆகறது?" என்றது.

அதுவரை தனக்கு இமேஜ் என்று ஒன்று இருப்பதே வெள்ளச்சிக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, சேறு பட்ட தன் காலைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

மரநாய் மண்ணில் கோடு கிழித்துக் காட்டை மூன்றாகப் பிரித்தது. "இந்தப் பக்கம் உண்ணி இருக்கறவங்க. நடுவுல, இருந்தும் இல்லைன்னு சொல்றவங்க. அந்தப் பக்கம் உண்ணியே இல்லாதவங்க, ஆனா நம்மளையும் கவனிச்சுக்க ஆள் இருக்குன்னு காட்டிக்க ஆசைப்படறவங்க. அவங்கதான் நம்ம கஸ்டமர்."

"அப்ப நான் எதைத் திங்கறது?"

"முதல்ல பிராண்ட், மேடம். சாப்பாடு தானா வரும்."

மறுநாள் ஆற்றங்கரையில் 'உண்ணி இல்லாதவர்களுக்கு மட்டும்' என்று பலகை ஏறியது. விண்ணப்பப் படிவமும் வந்தது. அதில் ஒரே கேள்வி: உங்களுக்கு உண்ணி உண்டா? ஆம் எனில் வரிசையை விட்டு விலகவும்.

வரிசையில் மலைப்பாம்பு நின்றது, முதலை நின்றது, ஆமை இரண்டு நாள் நடந்து வந்து நின்றது. வெள்ளச்சி ஒவ்வொரு முதுகிலும் அலகால் மூன்று தட்டு தட்டும், அவ்வளவுதான் சேவை. "ஓட்டுக்கு மேல ஒண்ணும் தெரியல, ஆனா மனசு லேசாயிடுச்சு" என்றது ஆமை. முதலைகூடக் கொக்கைத் தின்னவில்லை. உயர்தர சேவையைக் கடித்துத் தின்பது அதன் அந்தஸ்துக்குச் சரிப்படாது.

ஒரு காட்டெருமையும் வந்தது. காது நிறைய உண்ணி, மிளகு மிளகாக. படிவத்தில் உண்மையை எழுதித் தொலைத்தது, பாவம். மரநாய் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. போகிற அந்தக் காதையே பார்த்தபடி வெள்ளச்சி எச்சிலை விழுங்கியது. அது சாப்பிட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

"இளைச்சதுல உங்களுக்குத் தனி அழகு வந்திருக்கு மேடம்" என்றது மரநாய்.

ஏழாம் நாள் வெள்ளச்சி வெட்கத்தை விட்டு எருமைகளிடம் போய் நின்றது. "ஒரே ஒரு உண்ணி குடுங்க."

எருமைகள் பதறி எழுந்தன. கேலி இல்லை, நிஜமான மரியாதை. "நீங்க எங்கயோ போயிட்டீங்கம்மா. எங்க முதுகுல கால் வெச்சா உங்க பேரு என்னாகும்? நாங்க ஏதோ மைனாவை வெச்சு ஓட்டிக்கறோம்." ஒவ்வொரு முதுகிலும் ஒரு கொழுத்த மைனா உட்கார்ந்திருந்தது.

வெள்ளச்சி தள்ளாடித் தள்ளாடி ஆற்றங்கரை வரை திரும்பி வந்தது. பலகையடியிலேயே விழுந்து செத்தது. மரநாய் அதைத் தின்றுவிட்டது. குற்றம் சொல்ல முடியாது, அதற்கும் பசிக்கும்.

ஒரு இறகை மட்டும் மிச்சம் வைத்து, குச்சியில் கட்டி, அதே இடத்தில் நட்டது. வரிசை நகர்ந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக முதுகை நீட்ட, காற்றில் ஆடிய இறகு மூன்று தரம் உரசியது.

கொக்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"முன்னைக்கு இப்ப சர்வீஸ் தேவலை" என்றது முதலை.

நீதி: தேவையே இல்லாதவர்களை வாடிக்கையாளராகப் பிடித்துவிட்டால் தொழில் நிற்காமல் நடக்கும், அதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.