கார் அனுப்ப வேண்டாம், சம்பந்தி

வில்லார்பெல்,
கார்னிவல் செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் மரியாதையும் குறையாத சம்பந்தியம்மா கிளேலியா அவர்களுக்கு, பாரியிலிருந்து புறப்பட்டு இப்போது உங்கள் ஊர் மலையில் உட்கார்ந்திருக்கும் சவேரியா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் பேத்தி வியோலாவும் முழுசாக இருக்கிறோம். கை கால்களைச் சரிபார்த்துவிட்டேன். அங்கே டூரினில் உங்கள் சுகத்துக்காகவும், உங்கள் வீட்டுக்காரரின் இரத்த அழுத்தத்துக்காகவும், உங்கள் காரின் நீண்ட ஆயுளுக்காகவும் புனித நிக்கோலாவை வேண்டிக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் கல்லூரிக்குப் போன நீங்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை கிடையாது. தபாலை நம்பாததால் வியோலா இதைப் படமெடுத்து உங்கள் தொலைபேசிக்கு அனுப்புவாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று என் மகன் வீத்தோ தொலைபேசியை எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்திருந்தபோது நீங்கள் பேசியது எனக்கு மறக்கவில்லை. அவன் குடும்பம் தெற்கே தாரந்தோவில், நானும் தெற்கே பாரியில். கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளை உங்களுடையவள், கிறிஸ்துமஸும் உங்களுடையது, எனக்கென்று இருப்பது தவக்காலத்துக்கு முன்னால் வரும் இந்தக் கார்னிவல் விடுமுறை வாரம் ஒன்றுதான். அதற்கும் கை நீட்டினீர்கள். “சவேரியா அம்மா, பிள்ளை பனிச்சறுக்கு கத்துக்கணும்னு ஆசைப்படுறா. உங்ககிட்ட கார் இல்ல, வயசும் ஆச்சு. இந்த வாரத்தையும் இனிமே எனக்கே விட்டுடுங்களேன்” என்று தேன் ஒழுகச் சொன்னீர்கள். நானும் தேன் ஒழுகத்தான் கேட்டேன், “நானே கூட்டிட்டுப் போனா?” என்று. அதற்கு நீங்கள், “கார் இல்லாம, யார் உதவியும் இல்லாம போயிட்டு வந்துட்டீங்கன்னா, அந்த வாரத்தைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்” என்றீர்கள். என் மகன் சாட்சி. உங்கள் மகள் எலேனா சாட்சி. ஆகவே, வழியில் நடந்ததை அவர்கள் வாயால் கோணலாகக் கேட்பதற்கு முன் என் கையால் நேராகப் படித்துவிடுங்கள்.

எங்கள் தெருமுனையில் புகையிலைக் கடை வைத்திருக்கும் கொசிமோ பேருந்து டிக்கெட், லாட்டரிச் சீட்டு, தபால்தலையோடு விமான டிக்கெட்டும் எடுத்துத் தருவான். “இன்னைக்கே எடுத்துடுங்க சவேரியாம்மா, நாளைக்கு ஏறிடும்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. காலம் முழுக்க மீன் சந்தையில் பேரம் பேசியவள் நான். காலையில் சொன்ன விலையைக் கடை கட்டும் நேரத்தில் சொல்ல எந்த மீன்காரனுக்கும் வாய் வராது. மீனையாவது ஐஸில் போட்டு மறுநாள் ஏமாளி தலையில் கட்டலாம். காலி இருக்கையை எந்த ஐஸில் போடுவது? விமானம் கிளம்பினால் அது நாறிப்போன சரக்கு. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடவில்லை. அடுத்த வாரம் கேட்டால் விலை ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது. கொசிமோ தலையில் கைவைத்துக்கொண்டு, “இது மீன் இல்லம்மா, நேரம் ஆக ஆக ஏறும்” என்கிறான். “அப்போ அந்தக் கம்பெனிக்காரனுக்கு வியாபாரம் தெரியலன்னு சொல்லு” என்றேன். கடைசியில் மிலானுக்குப் பக்கத்திலுள்ள பெர்காமோவுக்குப் போகும் வெள்ளிக்கிழமை விமானம் மட்டும் சீந்துவாரில்லாமல் மலிவாகக் கிடந்தது. ஏனென்றால் அன்று நாடு முழுக்க ரயில் வேலைநிறுத்தம். மற்றவர்கள் பயந்தார்கள், நான் எடுத்தேன். வேலைநிறுத்த நாளிலும் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் ரயில் விட்டே ஆகவேண்டும் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் காலை ரயில் ஒன்றை மிலானில் பிடித்து மலைக்குப் போய்விடுவது என் திட்டம். திட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மலிவு டிக்கெட்டுக்கு இருக்கைக்கு அடியில் நுழைகிற ஒரே ஒரு பைதான். வெறுங்கையோடு வடக்கே போக நான் என்ன அனாதையா? சிப்பிச் சோற்றுத் தட்டு, எண்ணெய் டப்பா, தராலி முறுக்கு, உலர்த்திய தக்காளி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி, முந்தின நாள் சாயங்காலம் எங்கள் தெருவிலிருந்து வடக்கே கிளம்பும் பேருந்தில் ஓட்டுநர் மிம்மோவிடம் கொடுத்தேன். மிலானில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மீதியை என் காலஞ்சென்ற வீட்டுக்காரரின் மேல்கோட்டுப் பைகளில் போட்டு நானே அணிந்துகொண்டேன். விமான வாசலில் நின்ற பெண் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். “அம்மா, இந்தக் கோட்டு ஒரு பை மாதிரில்ல இருக்கு?” “கோட்டுக்குள்ள நான் இருக்கேனே கண்ணு. பைக்குள்ள ஆள் இருப்பாங்களா?” அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே போய்விட்டோம். வலது பைக்குள் இருந்த பாலாடைக்கட்டி உருண்டைகளை அவள் தடவிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான், நல்ல சரக்கு.

பெர்காமோவில் மூடுபனி. இறங்க இடம் தெரியாமல் விமானம் வானத்தில் வட்டம் போட்டது, வட்டத்துக்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. பேருந்து பிடித்து மிலான் போய்ச் சேரும்போது காலை ரயில்களெல்லாம் போய்விட்டன. இனிச் சாயங்காலம்தான். வீத்தோ தொலைபேசியில், “அம்மா, அத்தைக்கு ஒரு போன் போட்டா கார்லயே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க” என்றான். “போட்டுப் பாரு. அப்புறம் இந்த வருஷத்து எண்ணெயை உங்க அத்தைகிட்டயே வாங்கிக்க” என்றேன். வைத்துவிட்டான். பெட்டியையாவது வாங்குவோம் என்று பேருந்து நிலையத்துக்குப் போனோம். அங்கேயும் மூடுபனி புண்ணியத்தில் மிம்மோ அப்போதுதான் வந்து நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

“சவேரியாக்கா, நீங்க எங்க இங்க? நேத்து எங்கிட்ட பெட்டி குடுத்துட்டு வீட்டுக்குப் போனீங்களே?”

“விமானத்துல வந்தேன்.”

“இந்தப் பெட்டியை வாங்கவா விமானத்துல வந்தீங்க? உங்க தெருவுலேருந்துதானக்கா கிளம்பினேன். பின்னாடி பூரா காலி. டிக்கெட்டும் பாதி விலை. நல்லா தூங்கிட்டே வந்திருக்கலாமே.”

“பெட்டிக்கு அவசரம் இல்ல, எனக்கு இருந்துச்சு.”

“இப்போ எங்க போகணும்?”

“நீ எங்க போற?”

“டூரின்.”

பேருந்திலிருந்த பாரி ஜனங்கள் மொத்தமும் சிரித்தது. சிரிக்கட்டும். எங்கள் பெட்டி முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு நாங்களும் உட்கார்ந்தோம். வியோலா விமானத்தில் பறந்தாள், பேருந்திலும் தூங்கினாள். காரில் போகிற பிள்ளைக்கு இதில் ஏதாவது ஒன்று உண்டா?

டூரினில் இறங்கி மலைப் பேருந்துக்குக் காத்திருந்ததை மறைக்க மாட்டேன். கோட்டுக் காலரைத் தூக்கி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். “பாட்டி, இந்த ஊர்ல எவ்ளோ பேர் இருக்காங்க, அவங்க கண்ணுல நாமதான் படுவோமா?” என்றாள் வியோலா. “உன் டூரின் பாட்டி கண்ணு உனக்குத் தெரியாது” என்றேன். நீங்கள் வரவில்லை. வந்திருந்தாலும் நான் உங்களைப் பார்த்திருக்க மாட்டேன். மலைப் பேருந்து வளைந்து வளைந்து ஏறியபோது பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டியது. நீங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய விலை உயர்ந்த கம்பளித் தொப்பி கையில் இருந்தது. எவ்வளவு இழை நெருக்கமான தொப்பி என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. நன்றி.

இப்போது பனிக்கு வருகிறேன். விடுதிக்காரி, “இந்த வருஷம் பனி கம்மிதான்” என்றாள். ஒரு பக்கம் புல்லும் மறு பக்கம் புல்லுமாக நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை, சலவைக்காரி மறந்துவிட்டுப் போன விரிப்பு மாதிரி. பிள்ளைக்கு அது போதும். வாடகைக் காலணி, வாடகைச் சறுக்குக்கட்டை, கத்துக்கொடுக்க ஒரு பையன். பிள்ளைகளை மேலே இழுத்துப்போக ஒரு நகரும் பாய் இருக்கிறது. கைப்பையோடு நானும் அதில் நின்றேன். இறங்கும் வழியை யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்து சேர்ந்தேன். கீழே நின்ற ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள். அதைப் படமெடுத்து எலேனாவுக்கு அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். அது விழுந்ததல்ல, இறங்குவதில் அதுவும் ஒரு முறை.

ஞாயிற்றுக்கிழமை வியோலா ஏழெட்டுத் தடவை விழுந்தாள். திங்கட்கிழமை உச்சியிலிருந்து அடிவரை ஒரு தடவைகூட விழாமல் வந்தாள். மூச்சு வாங்க என் கோட்டில் முட்டி நின்றாள். முகம் பூராவும் சிவப்பு. நான் தராலியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்காமல் திரும்பி மேலே பார்த்துக்கொண்டே, “பாட்டி, அந்தப் பாட்டி பாத்திருக்கணும். அவங்க நல்லா வளைஞ்சு வளைஞ்சு போவாங்களாம். என்னோடது சரியான்னு அவங்களுக்குத்தான் தெரியும்” என்றாள். “அதுக்குத்தான் வாத்தியார் இருக்காரே” என்றேன். “வாத்தியாருக்குக் காசு குடுக்கறோம் பாட்டி. அவர் நல்லா இருக்குன்னுதான் சொல்வாரு” என்றாள். ஒன்பது வயதுக்கு இவ்வளவு புத்தி யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மலை உயரம் காரணம்.

ஆக, சம்பந்தியம்மா, கார் இல்லை. யார் உதவியும் இல்லை. விமானம், பேருந்து, மறுபடி பேருந்து, அதற்கப்புறம் நகரும் பாய். கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்று நம்புகிறேன். கார்னிவல் வாரம் என்னுடையது. அடுத்த வருடமும் என்னுடையது, அவள் கல்யாணமாகிப் போகிறவரை என்னுடையது. அதில் ஒரு நாளை, ஒரு பொழுதை நான் யாருக்கும் விடுவதாக இல்லை. வீத்தோ கெஞ்சினாலும் சரி, எலேனா அழுதாலும் சரி, நீங்கள் அந்தத் தேன் குரலில் கேட்டாலும் சரி.

வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சமாதானமும், உங்கள் அடுப்பில் நெருப்பும், உங்கள் மனசில் நியாயமும் என்றும் நிலைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
யாரிடமும் கை ஏந்தாத உங்கள் சம்பந்தி,
சவேரியா.

பின்குறிப்பு: திரும்பிப் போகும் விமானம் டூரினிலிருந்து. வியாழக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே கிளம்புகிறது, அதனால்தான் மலிவு. அந்த நேரத்தில் விமான நிலையத்துக்கு ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை. ஆகவே நாளை சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். இது உதவியில் சேராது, உறவில் சேரும். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் காலையிலேயே, மற்ற எதையும் எடுப்பதற்கு முன், நான் இந்த டிக்கெட்டைத்தான் முதலில் எடுத்தேன் என்று கொசிமோ யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள், அவன் வாய் சரியில்லை. வியோலா சறுக்கிய படங்களெல்லாம் அவள் தொலைபேசியில் ஓடும் படமாக இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்து, வளைவு சரியா தப்பா என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். நான் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவுகிறேன். நாளை சாம்பல் புதன், விரத நாள், கறி ஏதும் சமைத்துவிடாதீர்கள். நிலையத்துக்குக் கார் அனுப்ப வேண்டாம், டிராமில் வருவோம். வியாழன் காலைக்கு வேண்டுமானால் அனுப்பலாம். அவ்வளவு சீக்கிரம் எங்களுக்காக நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்துவிட்டால், என் காப்பிக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி.