மைக் கோளாறு

"இன்னிக்கும் வர்ல சார்," என்றார் ஜெயவேலு, கணேசமூர்த்தி கடைப்படியில் கால் வைப்பதற்கு முன்பே.

"நாளைக்கு?"

"நாளைக்கு வரும்னுதான் நேத்து சொன்னாங்க. அப்படின்னா இன்னிக்கு வந்திருக்கணும். வர்ல. இனிமே நான் எதுவும் சொல்றதா இல்ல சார், வாய் வலிக்குது."

ஆஸ்டின் டவுனில் ஜெயவேலுவின் செல்போன் கடை ஒரு ஆள் அகலம்தான். அந்த இடத்துக்குள் கணேசமூர்த்தியைப் போலவே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இன்னும் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஜோரா டேப். புதிதாக வந்த டேப்லெட். வந்த நாளிலிருந்து பெங்களூரு முழுக்க அதற்கு அடிதடி. கடைக்கு இரண்டு வந்தால் இருபது பேர் நிற்கிறார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் சூடாகிறது, சத்தம் போய்விடுகிறது என்று திட்டுகிறார்கள். அந்தத் திட்டைக் காதால் கேட்டுக்கொண்டே மீதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"வேற கம்பெனிது ஒண்ணு எடுத்துக்குங்களேன் சார். இதைவிட நல்லா உழைக்கும். இதோ கையிலயே இருக்கு."

"என் பையன் இதைத்தான் வாங்கச் சொல்லியிருக்கான். வேற எதையும் வாங்கிடாதீங்க, இது வர்ற வரைக்கும் பொறுங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டான்."

"லண்டன்ல இருக்காரே அவரா? அப்போ பொறுங்க."

கணேசமூர்த்தி பொறுத்துத்தான் பழகியவர். கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கிருந்து தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வந்து, பிறகு கடன் வாங்கி ஆஸ்டின் டவுனில் ஒரு வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்து அனுப்பினார். மகன் கிஷோர் லண்டனில். மகள் மைதிலி ஜெர்மனியில். போன கார்த்திகையில் மனைவி சாந்தகுமாரி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுவதற்கு வாய் மட்டும் மிச்சமிருந்தது. கேட்பதற்குக் காது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கிஷோர் ஒரு லிங்க் அனுப்புவான். அதைத் தொட்டால் மூன்று பேரும் திரையில் கூடுவார்கள். அந்த நேரத்துக்காகக் கணேசமூர்த்தி வாரம் முழுக்கக் காத்திருப்பார். அவருக்குப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. என்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை, உங்களிடம் வந்து இருந்துவிடட்டுமா, ஆளுக்கு ஆறு மாதம். அவ்வளவுதான். ஆனால் அதை மெசேஜில் தட்டி அனுப்ப மனசு வரவில்லை. வார நாளில் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா, ஞாயித்துக்கிழமை பேசலாம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பேச்சைத் தொடங்கினால் பாதியில் சத்தம் போய்விடும்.

"அப்பா, உங்க போன் பழசு," என்றான் கிஷோர். "ஜோரா டேப் வாங்குங்க. அதுல மைக் ரொம்ப நல்லா இருக்குமாம்."

ஜெயவேலுவுக்கே கடைசியில் இரக்கம் வந்துவிட்டது. ஓசூர் எல்லைக்குப் பக்கத்தில் அத்திபெலேயில் இருந்த தன் மச்சானின் கடைக்கு நாலைந்து வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பி வைத்தார். கணேசமூர்த்தி பஸ் ஏறிப் போனார். அங்கே ஓசூரிலிருந்தும் ஆட்கள் வந்து முண்டிக்கொண்டிருந்தார்கள். இடிபட்டு, மூக்குக்கண்ணாடி கோணி, கடைசி டேப்லெட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"டேப் மட்டும் தனியா கிடையாது சார். கீபோர்டும் கவரும் சேத்துத்தான்."

"எனக்கு எதுக்குப்பா கீபோர்டு?"

"எங்களுக்கும் அது வேணாம் சார். கம்பெனிக்காரன் எங்க தலையில கட்டினான், நாங்க உங்க தலையில கட்டறோம்."

கவர் ரோஸ் நிறம். அதில் வண்ணத்துப்பூச்சிகள். வேறு நிறம் ஸ்டாக் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி டேப்லெட்டின் காலிப் பெட்டியைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டியதும் கிஷோர் கண்ணை அகல விரித்தான்.

"ஜோரா டேப்பா? எப்படிப்பா கிடைச்சுது? எங்கயும் இல்லைன்னாங்களே."

"தேடினா கிடைக்காதா தம்பி?" என்றார் கணேசமூர்த்தி. மகனின் முகத்தில் அப்படியொரு அதிர்ச்சியைப் பார்த்து அவருக்குப் பெருமையாக இருந்தது.

சாப்பாடு ஆயிற்றா, குளிர் எப்படி, கால்வலி எப்படி என்று பேச்சு நன்றாகத்தான் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் ஒண்ணு யோசிச்சேன். அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல..."

மைதிலி ஒரு கையைக் காதருகே கொண்டுபோனாள். "அப்பா, சத்தம் வரல."

"இப்போ கேக்குதா?"

"கேக்கலப்பா," என்றான் கிஷோர். "இந்த மாடலே இப்படித்தானாம், நெட்ல போட்டிருக்காங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

மாடியில் குடியிருந்த பிரிஜெட் இதைக் கேட்டுவிட்டு, தன் போனில் ஜோரா டேப்பைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்துச் சொன்னாள். "அஞ்சு நிமிஷம் பேசினா சூடேறிடுதாம் அண்ணா. சூடேறினா மைக் படுத்துடுதாம். கூலா வச்சுக்கணும்."

அடுத்த ஞாயிறு கணேசமூர்த்தி டேபிள் ஃபேனை டேப்லெட்டின் முதுகுக்கு நேரே வைத்து, முழு வேகத்தில் விட்டார். ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார். தலையில் மிச்சமிருந்த முடி எழுந்து நின்றது. சாந்தகுமாரியின் படத்தில் போட்டிருந்த மாலை பறந்து வந்து தோளில் விழுந்தது.

"ஏன்பா புயல்ல உக்காந்திருக்கீங்க?" என்றாள் மைதிலி.

"மைக்குக்காகம்மா. நல்லா கேக்குதா?"

"நல்லா கேக்குது."

"நான் ஒண்ணு யோசிச்சேன்..."

கிஷோர் காதைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினான்.

இந்தத் தடவை கணேசமூர்த்தி விடவில்லை. ஒருவேளை கொஞ்சமாவது போகுமோ என்று எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார். "என்னால தனியா இருக்க முடியலப்பா. நான் அங்க வந்துடட்டுமா? இந்த வீட்டை வேணா வித்துடலாம்."

"ஒண்ணுமே கேக்கலப்பா," என்றான் கிஷோர்.

ஆஸ்டின் டவுனுக்குக் கேட்டுவிட்டது. மறுநாள் காலையில் கீரைக்காரி சின்னத்தாய், கீரைக்கட்டை நீட்டும்போதே, "எப்ப சார் லண்டனுக்கு? போறப்ப அந்த இட்லிப்பானையை எனக்குக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். அயர்ன் கடைக்காரர் ஸ்வெட்டர் இருந்தால் கொடுங்கள், தேய்த்து வைக்கிறேன் என்றார். மதியம் புரோக்கர் வெங்கடசாமி ஒரு தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே சமையலறையை அளக்க ஆரம்பித்தார்.

"விக்கறேன்னு யாருய்யா சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க சார், ஞாயித்துக்கிழமை. நானு தெருக்கோடில டீ குடிச்சிட்டிருந்தேன். தெளிவா கேட்டுச்சு." வீடு பார்க்க வந்த அம்மாள் பூஜை அலமாரி சின்னது என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள்.

ஃபேன் போதாது என்று பிரிஜெட்டுக்குத் தோன்றியது. அதனால் அதற்கடுத்த ஞாயிறு டேப்லெட் மத்தியானம் வரை ஃப்ரிட்ஜில், தயிருக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் இருந்தது. மூன்று மணிக்கு எடுத்தபோது கைக்கு ஜில்லென்று இருந்தது. கிஷோரும் மைதிலியும் மழையில் நனைந்தவர்கள் போலத் தெரிந்தார்கள். கணேசமூர்த்தி துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி வியர்த்தது. அவர் வாயைத் திறக்குமுன் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடி, எல்லாம் கறுத்துப்போனது.

சர்வீஸ் சென்டரில் பிரபா என்ற பெண் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணி போயிருக்கு சார். ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கவர்ல கொத்தமல்லி ஒட்டிட்டிருக்கு." அவள் சிரிக்கவில்லை. "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார். நிறைய பேரு இதைத்தான் பண்றாங்க. கம்பெனி மாத்திக் குடுக்கச் சொல்லியிருக்கு. ஆனா மாத்திக் குடுக்க புது டேப் கையில இல்ல. வந்ததும் கூப்பிடறோம்."

அவர்கள் கூப்பிடவில்லை. கணேசமூர்த்தி பழைய போனிலிருந்து பேசட்டுமா என்று கிஷோரிடம் கேட்டார். "அதுல எதுக்குப்பா கஷ்டப்படறீங்க? டேப் வரட்டும், நிதானமா பேசலாம்," என்றான் மகன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. மூன்று மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நாலு மணிக்கு எழுந்து காப்பி போட்டுக்கொண்டார். தினமும் ஒருவேளைச் சமையலை நிறுத்திவிட்டார். ஒருத்தருக்கு எதற்கு என்று தோன்றியது. பிரிஜெட் ஒருநாள் கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மேலே போய்விட்டாள்.

ஒருவழியாகப் புது டேப் வந்தது. "இப்போ ரொம்பத் தெளிவா கேக்குதுப்பா," என்றாள் மைதிலி. அவர் அம்மாவின் வருஷத் திதியைப் பற்றிச் சொன்னார், கேட்டது. தண்ணீர் லாரி வராததைச் சொன்னார், கேட்டது. "அதனால நான் என்ன யோசிச்சேன்னா" என்றார். போய்விட்டது.

அதையும் மாற்றினார்கள். மூன்றாவதிலும் அதே கதை.

"சார், உங்க குரலை இதுல பதிவு பண்ணிப் பாத்தேன், சுத்தமா வருது," என்றாள் பிரபா. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. நாள் முழுக்க ஏச்சு வாங்குகிற வேலை. "எங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கு. வீட்டுக்குப் போனா கெட்டுப்போகுது. வீட்டுல என்ன சார் பண்றீங்க இதை வச்சு?"

"பேசறேம்மா. வேற என்ன பண்ணுவேன்? எனக்கு ஒரு விஷயம் சொல்லணும். சொல்ல விடமாட்டேங்குது இந்தச் சனியன்."

பிரபா டேப்லெட்டை மேசையில் வைத்தாள்.

"ஒண்ணு பண்ணுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க பேசற நேரத்துக்கு இங்க வந்துடுங்க. என் கண்ணால பாத்தாத்தான் கம்பெனிக்கு எழுத முடியும். ஆனா சர்வீஸ் சென்டர்னு சொல்லாதீங்க. வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். சர்வீஸ் சென்டரில் உட்கார இடமில்லை. ஆளுக்கொரு ஜோரா டேப்பை நோயாளிக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிரபா அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டு, டேப்லெட்டைக் கவுன்டரின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பக்கவாட்டிலிருந்து திரையைப் பார்த்தாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?" என்றாள் மைதிலி.

"சும்மா வெளியில வந்தேம்மா. கேக்குதா?"

"நல்லா கேக்குதுப்பா."

சாப்பாடு, குளிர், கால்வலி. அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு யோசிச்சேன் தம்பி."

கிஷோர் கொஞ்சம் முன்னால் குனிந்தான். பிறகு நிமிர்ந்து காதைத் தொட்டுக் காட்டினான். "அப்பா, சத்தம் போயிடுச்சு."

கணேசமூர்த்தி நிறுத்தவில்லை. இவ்வளவு நாள் பாதியில் நின்றதை இன்றைக்கு முழுக்கச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தார். கத்தாமல், மெதுவாகவே சொன்னார். "அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல இருக்க முடியலப்பா. ராத்திரி விளக்கை அணைக்கறதுக்கே கை வரமாட்டேங்குது. உங்ககிட்ட வந்து இருந்துடறேன். ஒரு மூலையில இருப்பேன். தொந்தரவு பண்ணமாட்டேன். ஆளுக்கு ஆறு மாசம் வச்சுக்குங்க."

முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். திரையில் கிஷோர் மறுபடியும் காதைத் தொட்டுக் காட்டி, வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"என்னோடதும் இதே மாதிரிதான் சார்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "மோசமான கம்பெனி."

கணேசமூர்த்தி பிரபாவின் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. தான் சொன்னது பொய்யில்லை என்று நாலு பேர் முன்னால் ஆகிவிட்டது.

"பாத்தியாம்மா? உன் கண் முன்னாலயே போச்சு. இப்பவாவது எழுது, மைக்தான் கோளாறுன்னு."

பிரபா திரையின் அடியில் எதையோ குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"மைக்குக்கு ஒண்ணும் இல்ல சார். 'கிஷோர் உங்களை மியூட் செய்துவிட்டார்'னு கீழ போட்டிருக்கு. யாரு சார் இந்தக் கிஷோர்?"