அனந்தபுரத்தார் பார்த்த ராக்கெட்

பெண் வீட்டார் முன்னால் கூடப் பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆடு வளர்க்கிறவர்கள் முன்னால் முடியாது. வந்தவர்கள் இரண்டுமாக இருந்ததுதான் என் தலையெழுத்து.

செஞ்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர் நான். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் போட்டோ ஒட்டுகிற வேலை. "ஃப்ளெக்ஸ் கடையா?" என்று இழுத்துவிட்டு ஏற்கெனவே இரண்டு பெண் வீட்டார் காபியைக் குடித்துவிட்டுக் காணாமல் போயிருந்தார்கள். மூன்றாவதாக அனந்தபுரத்திலிருந்து கோமதி வீட்டார் வருவதாகச் சேதி வந்தது. கோமதியின் போட்டோவை நான் பார்த்திருந்தேன். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று இருந்தது எனக்கு.

என்னிடம் ஓர் அஸ்திரம் இருந்தது. எட்டு மாதமாக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் அனிமேஷன் செய்துகொண்டிருந்தேன். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்திலிருந்து ராக்கெட் கிளம்பும். விண்வெளிக்குப் போய்விட்டு, அதே இடத்தில் நின்றவாக்கில் இறங்கும். திரும்பத் திரும்ப ஓட்டலாம், நம் ஊர் டவுன் பஸ் போல. ஆனால் ஒரு நொடிப் படத்தை வரைந்து முடிக்க என் கம்ப்யூட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும் (கரண்ட் போகாமல் இருந்தால்). ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள், சனிக்கிழமை வரை ராக்கெட் மேலேதான் போயிருந்தது. இறங்கவில்லை.

என்ன செய்தேன்? கிளம்பிய காட்சியையே தலைகீழாக ஓடவிட்டு, இறங்குகிற காட்சி என்று பின்னால் ஒட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து உட்கார்ந்ததும் டி.வி.யில் போட்டேன். ராக்கெட் சீறிக்கொண்டு போனது. கோமதியின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பெற்ற நைனா மீசையைத் தடவினார். ராக்கெட் இறங்க ஆரம்பித்தது. கோமதியின் சித்தி கையைத் தூக்கினார்.

"தம்பி, நிறுத்து. அந்த ஆடு இன்னா பின்னாலயே நடக்குது?"

ராக்கெட் எவ்வளவு உயரம் என்று தெரியட்டுமே என்று ஓரமாக ஓர் ஆட்டை மேயவிட்டிருந்தேன். சனியன்.

"வாயிலேருந்து புல்லு வெளிய வருது பாரு," என்றார் கோமதியின் அப்பா.

"சத்தத்துக்குப் பயந்து பின்வாங்குது மாமா." (எதுவும் முடிவாகவில்லை; அதற்குள் மாமா!)

"நாப்பது ஆடு வெச்சிருக்கேன். பயந்த ஆடு திரும்பிக்கினு ஓடும். ரிவர்ஸ் எடுக்காது. போனதையே திருப்பிப் போட்டியா?"

"ஐயோ, சத்தியமா இல்ல மாமா!"

நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாங்க, நேத்து நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரே பட்டன்தான் அமுக்கினான், அப்டியே திருப்பிட்டான்!"

"ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் கல்யாணமாகாத எல்லாருக்கும் தெரியும்.

நியாயம் கேட்கிறேன். அத்தனை புகையும் ராக்கெட்டின் வயிற்றுக்குள்ளேயே திரும்பப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒருத்தராவது கேட்டார்களா? எட்டு மாத உழைப்பை விட்டுவிட்டு, ஓசியில் டவுன்லோடு செய்த ஆட்டைப் பிடித்துக்கொண்டார்களே!

வயிறு எரிந்தது. ரோஷம் வேறு. ஒன்றரை மாதம் உட்கார்ந்து, இறங்குவதை ஒழுங்காகச் செய்தேன். கால்கள் விரிந்தன, புழுதி பறந்தது, புகை போகவேண்டிய பக்கம் போனது. ஆட்டை முதல் வேலையாக அழித்தேன். "அன்றைக்கு நான் காட்டியது திருட்டு வேலை, சத்தியம் செய்ததும் பொய். இதுதான் நிஜமாக நான் செய்தது" என்று எழுதி, கோமதியின் அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்.

"நான் கோமதி. ஆடு எங்க?"

"பொய் சொன்னத அவனே எழுதி அனுப்புறான், நம்பிக் குடுக்கலாம்" என்று மாமா சொன்னாராம். தை மாதம் கல்யாணம் நடந்தது. நாலு வருடமாக நான் எதைச் செய்து முடித்துக் காட்டினாலும், பேனரானாலும் வெள்ளையடித்த சுவரானாலும், மாமியார் வீடே திரண்டு அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. ராக்கெட் ஒழுங்காக இறங்கியதா என்று இன்றுவரை ஒரு ஜீவன் கேட்கவில்லை.