பூனை குடித்த தேத்தண்ணி

ஈரத்தை எப்படி விரட்டுவது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். காரணத்தை நான் சொல்ல வேண்டியிருக்காது. என் மனைவி கமலம் அதற்குள் கதையை ஆரம்பித்திருப்பாள்.

அப்போது நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் உதவி டீமேக்கர். (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துப் பெட்டியில் அடைக்கிறவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான பெரிய டீமேக்கருக்கு நான் கையாள். அவருடைய மகள்தான் கமலம். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற என் ஆசை ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும், அங்கே எலி பிடித்துக்கொண்டிருந்த சாம்பல் பூனை உட்பட. ஆள் விட்டுக் கேட்டும் இருந்தேன். டீமேக்கர் பதில் சொல்லவில்லை. கொழுந்து பதமாக வாடாமல் அரைக்கும் உருளையில் போடாத மனிதர் அவர்.

எங்கள் தொரைக்கு மீன் பைத்தியம். பங்களாவுக்கு அடியில், முந்தைய தொரை விஸ்கிப் போத்தல்களுக்காகக் கட்டிய நிலவறையில், வரிசையாகக் கண்ணாடித் தொட்டி வைத்துக் கலர் மீன் வளர்த்தார். கொழும்பிலிருந்து வந்த மீன்கள் மலைக் குளிர் தாங்காது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய காலத்தில் அந்த மீன்கள் வெந்நீரில் நீந்தின. இதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

விளக்குச் சூட்டில் கிளம்பிய ஆவி போக வழியில்லாமல் சுவரெல்லாம் வழிந்தது. மூலையில் காளான் முளைத்தது. மிச்ச ஆவி பலகைத் தரையின் இடுக்கு வழியாக மேலே ஏறி, தொரசாணியின் பியானோவுக்குள் புகுந்தது. கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் உள்ளே போனவை வெளியே வரவில்லை. இந்த வீட்டில் ஒன்று மீன் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று தொரசாணி சொல்லிவிட்டாராம். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று தொரை கேட்டதாகப் பங்களாச் சமையல்காரர் சொன்னார்.

மறுநாள் தொரை ஸ்டோருக்கு வந்தார்.

"டீமேக்கர், நீ தினம் தேயிலை காய வைக்கிறது. என் ரூம் காய வைக்க ஏலாதா?"

டீமேக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தொரையின் கார் போன பிறகு சொன்னார்: "தம்பி, அந்த ரூம ஒழுங்கா காயவச்சிட்டு வாங்க. மத்தத அப்புறம் பேசிக்குவோம்."

மத்தது எது என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடினேன்.

முதலில் நிலவறையின் ஒரே ஜன்னலைத் திறந்தேன். வெளியே நின்ற பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு நாலு மூலையிலும் கரியடுப்பு மூட்டினேன். தொட்டித் தண்ணீர் இன்னும் சூடாகி, அறையே இட்டலிச் சட்டியாகிவிட்டது. மேலே, பியானோவில் அதுவரை தாக்குப்பிடித்த கட்டைகளும் படுத்துவிட்டன.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. காய்ந்த தேயிலை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். அதனால்தானே பெட்டிக்குள் ஈயத்தாள் வைத்து அடைக்கிறோம்? தேயிலையை அறையில் பரப்பி வைத்தால் என்ன? இது ஏன் இதுவரை உலகத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று வியந்தேன். (அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.)

கழிவுத் தூளை எடுக்கலாமென்றால் அது பூட்டிக் கிடந்தது. சாவி டீமேக்கரிடம். அவரோ பெட்டிகளை ரயிலேற்ற நானுஓயாவுக்குப் போயிருந்தார். அதனால் பெட்டியில் அடைக்கத் தயாராக இருந்த முதல்தரத் தூளில் சில மூட்டைகளைக் கட்டிக்கொண்டு போய், தொட்டிகளைச் சுற்றிப் பாய் விரித்துப் பரப்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது, அறை காய்ந்தது. சுவர் காய்ந்தது. பியானோக் கட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. தொரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கல்யாணத்துக்கு எந்த வேட்டி கட்டலாம் என்று யோசித்துக்கொண்டே ஈரத் தேயிலையை அள்ளிவந்து, ட்ரையரில் போட்டுச் சூடாக்கி, பழைய குவியலோடு நன்றாகக் கலந்துவிட்டேன்.

தேயிலை ஈரத்தை மட்டும் குடிக்காது, பக்கத்திலிருக்கிற வாசத்தையும் குடிக்கும். அதனால்தான் ஸ்டோருக்குள் வெங்காயம்கூட விடமாட்டோம். இது எனக்குத் தெரியாததல்ல. தொரையின் மீன்களுக்குத் தீனி, வீச்சமடிக்கும் கூனி இறால் பொடி என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் நேரமில்லாமல் போய்விட்டது.

காலையில் தொரை தேத்தண்ணி ருசி பார்க்க வந்தார். மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் கரண்டியால் எடுத்து, உறிஞ்சி, துப்ப வேண்டும். மூன்றாவது கிண்ணத்தில் உறிஞ்சியவர் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"டீமேக்கர், இது என் ரூம்."

டீமேக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் சாம்பல் பூனை மேசைமேல் தாவி, அந்தக் கிண்ணத்தை நக்க ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து தேத்தண்ணியைத் திரும்பிப் பார்த்திராத பூனை அது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்தது. பூனை பார்த்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டீமேக்கர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என் கவனக்குறைவுதான் தொரை" என்றார். அவ்வளவு தூளும் கழிவில் போனது. தொரை போன பிறகு என் பக்கம் திரும்பி, "கொழும்பு ஏலத்துலேருந்து இதுவரைக்கும் ஒரு கொறை வந்ததில்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று பட்ட வெட்கம் இப்போது நினைத்தாலும் காதைச் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். கமலம் ஒரு டம்ளரை மூடி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மூடியைத் திறந்தேன். கூனி வாசம் குப்பென்று வந்தது; கழித்த தூளில் ஒரு பிடி வீட்டுக்கு வந்திருந்தது. டீமேக்கர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க ஐயா."

கதவுக்குப் பின்னாலிருந்து கமலத்தின் குரல் வந்தது: "அப்பா, அந்தத் தொட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூடி போட்டிருந்தா ஆவி எப்படி வெளிய வரும்னு அவங்களக் கேளுங்க."

நான் கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். டீமேக்கரும் அதைத்தான் பார்த்தார்.

"இது உங்களுக்குத் தோணலையா தம்பி?"

"இல்லீங்க."

"எனக்கும் தோணல" என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வீட்டுல ஒருத்தருக்காவது புத்தி இருக்கணும். தை மாசம் வச்சிக்குவோம்."

தொட்டிகளுக்குக் கண்ணாடி மூடி வந்தது. மீனும் தங்கியது, தொரசாணியும் தங்கினார். அந்த யோசனைக்காகத் தொரை என் தோளில் தட்டியபோது நான் மறுத்துப் பேசவில்லை. (கமலம் இதை இன்னும் மன்னிக்கவில்லை.)

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் எல்லோருக்கும் தேத்தண்ணி திறந்த டம்ளரில் வரும். எனக்கு மட்டும் மூடி போட்டு வரும். புதிதாக வந்தவர்கள், இவருக்கு மட்டும் ஏன் மூடி என்று கேட்பார்கள். கமலம் முகத்தை மாற்றாமல் சொல்வாள்:

"மூடலேன்னா பூனை வந்துருங்க."