அப்புத்துரையரின் கணப்படுப்பு

மார்கழி வாடைக் காற்று உருத்திரபுரத்து வயல்களைத் தடவிக்கொண்டு வந்து, நேரே அப்புத்துரையரின் முதுகில்தான் ஏறி உட்கார்ந்தது. ஊரில் எத்தனையோ முதுகு இருக்க, தன்னுடையதைத்தான் தேடி வருகிறது என்பது அவருடைய முறைப்பாடு. ரெண்டு பெனியன், அதற்கு மேல் சுவெற்றர், அதற்கும் மேல் போர்வை, தலையில் துவாய். தூரத்தில் நின்று பார்த்தால், சந்தைக்குப் போகக் கட்டிய மூட்டை ஒன்று தேத்தண்ணி குடிப்பதுபோல இருக்கும்.

அந்தக் கோலத்தில்தான் அவர் நோர்வேயில் இருக்கும் மனைவியின் தம்பி சுதாகரனோடு கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தார். அங்கே வெளியில் முழங்கால் அளவு பனி. மச்சானோ ஹோலுக்குள் அரைக்காற்சட்டையோடு கால் நீட்டி இருந்தான். பக்கத்தில் ஒரு கறுப்பு இரும்பு அடுப்பு. உள்ளே விறகு நின்று எரிந்தது.

கைபேசியை வைத்த கையோடு அப்புத்துரை சபதம் எடுத்தார்.

“இஞ்சை, ஈஸ்வரி! எங்கடை ஹோலுக்குள்ளையும் ஒரு கணப்படுப்பு வைக்கப் போறன்.”

ஜெகதீஸ்வரி குசினியில் இருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். கல் அடுப்புப் புகையில் அந்தக் கண்கள் எப்போதும் கோவைப்பழம்தான். புகையில்லாத அடுப்பொன்று வேண்டும் என்று அவள் கேட்காத வருசம் இல்லை. “வாற போகம் வெட்டினதும் பாப்பம்” என்று அவர் சொல்லாத வருசமும் இல்லை. போகங்கள் வந்தன. அடுப்புத்தான் வரவில்லை.

இன்றைக்குப் பெரிய சண்டை வரும் என்று அவர் பதில்களை அடுக்கி வைத்திருந்தார்.

“ஓம், வையுங்கோ” என்றாள் ஜெகதீஸ்வரி.

“என்ன?”

“வையுங்கோ எண்டனான். வெல்டிங் கடை நிஷாந்தனிட்டைச் சொன்னால், தார்ப் பீப்பாவை வெட்டி ஒட்டித் தருவான்.”

சண்டைக்கு மடித்துக் கட்டிக்கொண்டு போனவனுக்கு எதிராளி கதிரை போட்டுக் கொடுத்ததுபோல இருந்தது அவருக்கு. குரலை உயர்த்தினார்.

“ஆனா ஒண்டு. இது குசினிச் சாமான் இல்லை. இதிலை கேத்தில் வைக்கிறது, கிழங்கு அவிக்கிறது ஒண்டும் நடவாது. இது கௌரவச் சாமான்!”

“எனக்கேன் அது? விறகும் சாம்பலும் உங்கடை பாடு.”

அடுப்பு லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறி ஊர்வலமாய் வந்தது. நாலு கால், ஒரு கதவு, யன்னலால் வெளியே போகிற நீட்டுக் குழாய். அப்புத்துரை சாமி கும்பிட்டுவிட்டு நெருப்பு மூட்டினார். குழாயின் வாயோ வடக்கே பார்த்து நின்றது. அவருடைய முதுகைத் தேடித் திரிந்த வாடைக் காற்று, இதைவிடச் சுகமான வழி கிடைத்ததென்று குழாய்க்குள் புகுந்தது. போன புகையெல்லாம் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டுச் சிவகரன் வாளித் தண்ணியோடு ஓடிவந்தான்.

“அண்ணை! வீடு பத்துதோ?”

“இல்லைத் தம்பி. சும்மா... குளிர் காயிறம்.”

அவன் போனதும் இருமலுக்கு நடுவே மனைவியைப் பார்த்தார். “பாத்தியே, ஊருக்கு இப்பவே புகைச்சல்!”

“ஊருக்கு எங்கை? புகைச்சல் முழுக்க எங்கடை ஹோலுக்குள்ளை எல்லோ நிக்குது!”

கண்ணீர் வழிய வெளியே வந்து, அந்த வாடையிலேயே நின்றார். அப்போதுதான் ஒரு எண்ணம் வந்து அவரை இடித்தது. இந்தப் புகைக்குள்ளா இவள் நாள்தோறும் விடியக்காலையில் நின்று எனக்கு இடியப்பம் அவித்தாள்? அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புருசன் அல்லவா! ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் குறைவென்று முறையிடவுமில்லை.

நிஷாந்தன் வந்து குழாயை நிமிர்த்தி, அதற்குத் தொப்பியும் போட்டான். பிறகு பார்க்கவேண்டுமே! ஹோல் பாண் சுடுகிற போறணையாகிவிட்டது. முதலில் போர்வை கழன்றது. பிறகு சுவெற்றர். கடைசியில் பெனியன்கள்.

“ஈஸ்வரி, எனக்குக் குளிர் விட்டுப்போச்சு!”

“அது எனக்கும் தெரியுது. முந்தி எண்டால் என்னைக் கேக்காமல் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டியள்.”

ஆனால் அடுப்புக்குப் பசி அடங்கவில்லை. அப்புத்துரை பாலை மரக் கட்டையைக் கொத்தினார். கோடாலி துள்ளி வந்து அவரையே நலம் விசாரித்தது. அவர் கொத்தக் கொத்த, நல்ல சிறாய்களாகப் பார்த்து ஜெகதீஸ்வரி குசினிக்குப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

திடீரென்று வானம் வெளித்தது. வாடை நின்று வெயில் சுள்ளென்று எறித்தது. இனி அடுப்புக்கு ஓய்வு என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டபோது, ஜெகதீஸ்வரி கைபேசியோடு வந்தாள்.

“இஞ்சருங்கோ, அத்தான்ரை அடுப்பு எரியிறதைப் பாக்கவேணுமாம் எண்டு தம்பி நிக்கிறான். கெதியா மூட்டுங்கோ. சுவெற்றரையும் போடுங்கோ.”

மச்சானுக்கு முன்னால் மானம் போகலாமா? உச்சி வெயிலில், சுவெற்றரோடு, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

“அத்தான், அந்தமாதிரி நல்லாயிருக்கு! ஏன் அழுறியள்?”

“அழேல்லையடா. வேர்வை.”

“பின்னாலை ஃபானும் சுத்துது போலை?”

“அது... சூட்டைச் சமனாப் பரப்புறதுக்கு.”

கதை முடிந்ததும் நிலத்தில் சரிந்தார்.

“ஈஸ்வரி, இதைக் குசினிக்குள்ளை எடன்.”

“ஐயோ, கௌரவச் சாமானை எப்பிடிக் குசினிக்குள்ளை வைக்கிறது? அங்கை கூரையும் ஒழுகுது. துருப்பிடிச்சுப்போம்.”

“கூரையை நான் மேயிறன்.”

“சுவரிலை குழாய் போக ஓட்டை வேணும்.”

“துளைச்சுத் தாறன்.”

“எனக்குப் பாலைக் கட்டை கொத்தத் தெரியாது.”

“நான் இருக்கிறன் எல்லோ!”

அவள் பெருமூச்சு விட்டாள். “உங்களுக்காண்டி எடுக்கிறன்.”

அப்புத்துரை வேலிக்கு ஓடினார். “சிவகரன்! ஒருமாதிரிக் கதைச்சு அவாவின்ரை தலையிலை கட்டிப்போட்டன்!”

கூரை மேய்ந்து, சுவரும் துளைத்து முடிய, குழாய் பூட்ட நிஷாந்தன் வந்தான். அடுப்பின் மேல் தகட்டில் பானை அளவுக்கு ரெண்டு வட்டம் வெட்டினான். பிறகு சைக்கிள் கரியரில் இருந்து ரெண்டு இரும்பு மூடியை எடுத்து அதிலே வைத்தான். அச்சொட்டாய்ப் பொருந்தின.

“இது எப்ப செய்தனி, தம்பி?”

“அடுப்போடை சேத்தே செய்தது, அண்ணை. அக்கா முதலே வந்து பானை அளவைத் தந்தவா. இப்பவே பூட்டினால் அண்ணைக்கு விளங்கிப்போடும், அடுப்புத் தானாய்க் குசினிக்குப் போகேக்கை கொண்டுவா எண்டவா.”

அப்புத்துரை மனைவியைப் பார்த்தார். அவள் முகட்டைப் பார்த்தாள்.

கோபப்படத்தான் நினைத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாடையும் திரும்பி வந்தது. அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் இருந்தார். கூரை ஒழுகவில்லை. புகை குழாயால் மரியாதையாக வெளியே போனது. ஒரு வட்டத்தில் புட்டுப் பானை, மற்றதில் கேத்தில். அவள் சுடச்சுடத் தேத்தண்ணியை நீட்டியபோது அந்தக் கண்களைப் பார்த்தார். சிவப்பே இல்லை. கலியாண வீட்டில் பார்த்த அதே வெள்ளைக் கண். இவளை எனக்குத் தந்த கடவுளே என்று நெஞ்சு நிறைந்தது.

“ஈஸ்வரி, இப்ப உன்ரை கண் எவ்வளவு வடிவாயிருக்கு!”

“ஓம். இப்பத்தான் எல்லாம் வடிவாத் தெரியுது. அந்த மூலையெல்லாம் ஒட்டடை, தும்புத்தடியை எடுங்கோ.”