பட்டை ஸ்பிரிங்கும் உன் அத்தானும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சௌக்கியத்தைக் கேட்காதே. கட்டிலுக்கடியில் டார்ச்சோடு படுத்து ஒரு குட்டி நட்டைத் தேடிவிட்டு இப்போதுதான் எழுந்து வந்திருக்கிறேன்.

பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்துபோனதிலிருந்து உன் அத்தான் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார் என்று நான் போனில் அழுதது உண்மைதான். அதற்காக நீ ரிமோட்டில் ஓடும் லாரியை, அதுவும் துண்டு துண்டாக, பெட்டியில் போட்டு அனுப்புவாய் என்று யார் கண்டது? பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய மனுஷர் அவர். பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுவார். பெட்டியைத் திறந்ததும், நிஜ லாரிக்கு இருப்பது போலவே மெல்லிய இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். மாதக்கணக்கில் வாயே திறக்காதவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி. "எனக்கென்ன தெரியும், நீங்களே பாருங்க" என்றேன். எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

அன்றிலிருந்து என் சாப்பாட்டு மேஜை ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. வலது கை பட்டையைப் பிடிக்கும், நடுங்கும், விட்டுவிடும். பட்டை பறந்துபோய் எங்காவது விழும். நான் முட்டி போட்டுத் தேடுவேன். எடுத்து மாட்டப் போனால் "தொடாதே, நானே பண்றேன்" என்று ஒரு சீறல். ஒருவழியாக ஸ்பிரிங்கைச் சக்கரத்து அச்சோடு சேர்த்து நட்டை முடுக்கி ஓட்டினால், வாசல் மிதியடியில் ஏறியதும் லாரி தவளை மாதிரி குதித்துக் குப்புற விழுந்தது. விறைப்பு அதிகம் என்று இரண்டு பட்டைகளை உருவினார். சோதித்துப் பார்க்க என் சர்க்கரை டப்பாவை ஏற்றினார். லாரி முதுகு ஒடிந்து உட்கார்ந்தது, எறும்புகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு பட்டையைத் திரும்பச் சேர்த்தார். பாரம் தாங்கியது, ஆனால் ஸ்பிரிங் மறுபடியும் அசைந்து கொடுக்கவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிஸியோதெரபி பெண்ணிடம் நியாயம் கேட்டார். அவள் ஸ்பிரிங்கின் முனையை அழுத்திப் பார்த்து, "சார், நட்டை இப்படி இறுக்கினா அது எப்படி அசையும்? கொஞ்சம் லூசா விடுங்க. அப்படியே உங்க தோளையும்" என்றாள். மனுஷர் சிரித்துவிட்டார் தம்பி! சிரித்துக்கொண்டே அந்தக் கையாலேயே நட்டைத் தளர்த்தினார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன்.

இன்று காலை என் காபி லாரியில் வந்தது. மிதியடி ஏறும்போது ஸ்பிரிங் வளைந்து, நிமிர்ந்து, அலுங்காமல் இறக்கிவிட்டது. பாதிதான் சிந்தியது. "எப்படி?" என்றார். "சூடு போதாது" என்றேன். விட்டால் தலைக்கு ஏறிவிடும்.

ஆனாலும் இது வீடா, லாரி ஷெட்டா? என் முட்டி இனித் தாங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போய்விடு.

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். உன் வீட்டுக்காரியை நான் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா

பி.கு.: இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கவரை இழுத்து வைத்துக்கொண்டு உன் விலாசத்தை அவரே எழுதினார், வலது கையால். எழுத்து கோணல்மாணல், உன் வீட்டு எண் ஒன்றா ஏழா என்று தபால்காரர்தான் முடிவு செய்யவேண்டும். கடிதம் வந்து சேர்ந்தால், லாரியை எடுக்க வராதே. பின்னால் மாட்டும் ட்ரெய்லர் ஒன்று இருக்கிறதாமே, அதை அனுப்பு. பூட்டி அனுப்பிவிடாதே, துண்டு துண்டாகவே அனுப்பு.